தலைவருக்கு நான் சொல்லாத நன்றி

அறுபதுகளின் தொடக்கத்தில் என் முதல் சிறுகதைத் தொகுப்பு வெளிவந்தது. பிரதிகளைப் பையில் போட்டுக்கொண்டு சிராங்கூன் ரோட்டுப் புத்தகக் கடைகளில் நானே ஏறி இறங்கினேன். கடைக்கார பாய் ஒருவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊர்க் கதைம்மா?"

"இந்த ஊர்க் கதைதான் பாய். கம்பத்துக் குடிசைங்க, குழாயடி, பஸ்ஸு, மார்க்கெட்டு."

"அதெல்லாம் வாசல்ல நின்னாலே தெரியுதே. காசு குடுத்து வேற படிக்கணுமா?"

மெட்ராஸிலிருந்து கப்பலில் வந்தால்தான் அது கதை என்று ஊரே நம்பிய காலம். பெரியவர்களைத் திருத்தும் பொறுமை எனக்கு இல்லை. ஆனால் பிள்ளைகள் தங்கள் தெருவை ஒரே ஒரு தடவை கதையில் கேட்டுவிட்டால் போதும், பாய் சொல்வதை அப்புறம் நம்பமாட்டார்கள். அதற்காக அலுவலகத்தில் விடுப்பு எடுத்து, தமிழ்ப் பள்ளிகளுக்குக் கிளம்பினேன்.

முதல் மூன்று பள்ளிகளிலும் ஒரே கதிதான். வரவேற்புரை, தலைமையுரை, என் சிறப்புரை, நன்றியுரை என்று நிரல் போட்டிருப்பார்கள். பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் தமிழின் பெருமை பேச எழுவார். சோழர் கப்பல் கடாரத்தை நெருங்கும்போது காலை வகுப்பினர் காலி செய்யும் இடத்துக்காக மதிய வகுப்புப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். "நேரமின்மை காரணமாக" சிறப்புரை ரத்தாகும். எனக்கு ஒரு மாலை விழும். புத்தகத்தைப் பிரிக்காமலே பஸ் ஏறுவேன்.

அரசாங்க அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. கூட்டங்களில் எதை வெட்டுவார்கள், எதை வெட்டமாட்டார்கள் என்பது எனக்கு அத்துப்படி. நன்றியுரையை வெட்டிய கூட்டம் உலகத்தில் கிடையாது. தம் பெயர் சொல்லப்படும்வரை எந்தத் தலைவரும் நாற்காலியைவிட்டு எழுந்ததும் கிடையாது.

கேலாங் பக்கத்தில் இருந்த நான்காவது பள்ளியில், சிறப்புரை வேண்டாம், நன்றியுரை போதும் என்றேன். தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"அதான்மா லேடீஸுக்குப் பொருத்தம். சுருக்கமா முடிச்சிடலாம்."

அன்றும் தலைவரின் கப்பல் கடாரம்வரை போய்த் திரும்பியது. நான் எழுந்தேன். "முதல் நன்றி, இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு. அதற்குப் பதிலாக அவர்களுக்கு ஒரு கதை" என்று சொல்லிப் புத்தகத்தைப் பிரித்தேன்.

கம்பம் என்று நாங்கள் சொல்லும் குடிசைக் குடியிருப்பின் குழாயடியில் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு சீனப் பெண்ணும் வாளிக்காகச் சண்டை போடும் கதை. இருவருக்கும் பொதுவாகத் தெரிந்தது கடைத்தெருவில் பேசும் கொச்சையான பஸார் மலாய். அதில் போதுமான வசவு இல்லாமல் இருவரும் திண்டாடுவார்கள். நான்கு வரிகூடப் போகவில்லை, பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஸ், இது எங்க கம்பம்!"

"பொய் சொல்லாத லா! எங்க கம்பத்துலதான் இப்படி அடிச்சிக்குவாங்க!"

தலைமையாசிரியர் என் பக்கம் குனிந்தார். "தலைவர் பேரைச் சொல்லிடுங்கம்மா."

சொல்லியிருந்தால் அத்தோடு எல்லாரும் எழுந்திருப்பார்கள். கதையில் வாளி அப்போதுதான் உருள ஆரம்பித்திருந்தது. நான் பக்கத்தைப் புரட்டினேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் எழுந்து போயேவிட்டார். தலைமையாசிரியர் குடையோடு பின்னால் ஓடினார். மதிய வகுப்புப் பிள்ளைகள் உள்ளே நுழைந்து, காலை வகுப்பினரை நெருக்கித் தள்ளிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதையைக் கடைசி வரிவரை படித்து முடித்தேன்.

பிறகு தலைமையாசிரியர் தம் அறைக்கு அழைத்தார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாத்தித் தர்றேன்னு சொல்லியிருக்காரு. அவர் கடைக்கு ஒரு நடை போய் நன்றி சொல்லிட்டு வந்துடுங்க. இல்லன்னா மத்த பள்ளிக்கூடத்துலயும் உங்களை மேடை ஏத்தமாட்டாங்க."

"நன்றி சபையில சொல்றது சார். வாங்கிக்கறவர் சபையில இருக்கணும். அவர்தான் எழுந்து போயிட்டாரே."

"விளையாடாதீங்கம்மா. ஒரு வார்த்தைதானே?"

"கதை கேக்காதவருக்கு ஒரு வார்த்தையும் கிடையாது."

நான் போகவில்லை. கூரையை அவர் மாற்றித்தான் கொடுத்தார். தம் பெயரைப் பொறித்த பலகையையும் தாமே மாட்டிக்கொண்டார். மற்ற பள்ளிகள் வரிசையாக எனக்குக் கதவைச் சாத்தின.

சனிக்கிழமைகளில் புத்தகக் கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடிப் பாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். கேலாங் பிள்ளைகள் தம்பி தங்கைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார்கள். இடம் போதாமல் சாக்கடை ஓரம்வரை உட்கார்ந்தார்கள். ஒருநாள் ஒரு கடைக்காரர், தெரிந்த பெரிய மனிதர் ஒருவரைத் தலைமை தாங்க அழைத்து வரட்டுமா என்று கேட்டார்.

"வரட்டும். தரையில உக்காந்து கேக்கச் சொல்லுங்க" என்றேன்.