காலியாக இருந்த தேதி

அந்த மாதம் முழுவதும் எங்கள் சாப்பாட்டு மேசைமேல் இரண்டு வழிகள் கிடந்தன. ஆயர் கெரோவில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஆட்களைக் குறைத்திருந்தது. குறைக்கப்பட்டவர்களில் நானும் ஒருவன். இணையத்தில் கடை போடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்துவிட்டோம். எந்தக் கடை என்பதில்தான் இழுபறி. அவள் டிராப்ஷிப்பிங் என்றாள். எவர்சில்வர் தட்டும் சாம்பிராணிக் கரண்டியும் கிள்ளானில் ஒருவர் கிடங்கில் இருக்கும். எங்களுக்கு ஆர்டர் வந்தால் அவரே வாங்கியவருக்கு நேராக அனுப்பிவிடுவார். நான் பிரிண்ட் ஆன் டிமாண்ட் என்றேன். வாங்குபவர் தரும் புகைப்படத்திலிருந்து ஆளின் படத்தை நான் செய்வேன். ஆர்டர் வந்த பிறகு ஜொகூரில் ஓர் அச்சகம் அதைக் கேன்வாஸில் அச்சடித்து அனுப்பும்.

"ரெண்டுலயும் சாமான் நம்ம கைக்கு வரப்போறதில்ல. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்றாள்.

"என்னோடதுல முகம் இருக்கும்."

"அதான் லா எனக்குப் பயமா இருக்கு."

பயத்துக்குக் காரணம் இருந்தது. செலண்டார் பக்கம் நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது லய வீடுகள் இல்லை, ஆட்கள் இல்லை, எண்ணெய்க்கு நட்ட செம்பனை மட்டும் நிற்கிறது. மிச்சமிருக்கும் தோட்டம் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. யாராவது இறந்தால் குடும்பத்தார் எனக்கொரு புகைப்படம் அனுப்புவார்கள். முகத்தைச் சுற்றி வெட்டி, நீல வானத்தில் வைத்து, கீழே தோற்றம், மறைவு என இரண்டு தேதி போட்டுத் திருப்பி அனுப்புவேன். தனியாக எடுத்த படம் யாரிடமும் இருக்காது. கல்யாணக் கூட்டத்திலிருந்தோ கோயில் திருவிழாவிலிருந்தோதான் ஆளைப் பிரித்தெடுக்க வேண்டும். வெட்டி முடித்த பிறகும் தோளின்மேல் இன்னொருவருடைய கை ஒன்று மிஞ்சியிருக்கும். விரல் விரலாக அதை அழிப்பேன். அழிக்கும்போதெல்லாம் என் தோள் கூசும்.

முதல் ஆர்டர் சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடமிருந்து வந்தது. எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை லாரி ஓட்டியவரின் மகள். உம்பாயில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு எழுபது வயது. பெரிய படமாகப் பரிசளிக்க வேண்டும். அவருக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது.

"இது நல்லபடியா போனா உங்க வழி. இல்லேன்னா என் வழி" என்றாள் மனைவி.

புதிதாகத் தொடங்கியிருக்கலாம். கை பழகிய இடத்துக்கே போனது. இரங்கல் படத்துக்கு வைத்திருந்த மாதிரியையே திறந்து, வானத்தை மாற்றினேன், தோற்றம் என்றிருந்ததைப் பிறந்தநாள் என்று திருத்தினேன். மறைவு என்ற வரியைத் திரையில் தெரியாதபடி ஒதுக்கிவைத்தேன். அழிக்கவில்லை. அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன்.

மூன்றாம் நாள் காலையில், பொட்டலம் கட்டுமுன் எடுத்த புகைப்படத்தை அச்சகம் எனக்கு அனுப்பியிருந்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பிறந்தநாளும் தேதியும். அதற்கும் கீழே, நான் ஒதுக்கிவைத்த அந்த வரியும் அச்சாகியிருந்தது. மறைவு. இரண்டு புள்ளி. அப்புறம் வெள்ளை.

அச்சகத்துக்குப் போன் போட்டேன். "சுடா கெலுவார் லா, போஸ்" என்று அங்கிருந்தவன் மலாயில் சொன்னான். முந்தின நாளே கிளம்பிவிட்டதாம். இன்று போய்ச் சேருமாம்.

புக்கிட் பெருவாங்கில் எங்கள் வீட்டிலிருந்து உம்பாய்க்குப் போன வழி எனக்கு நினைவில்லை. உயிரோடிருக்கும் மனிதர் தன் பெயருக்குக் கீழே அந்தச் சொல்லைப் படித்துவிடக் கூடாது என்பது மட்டும் மண்டைக்குள் ஓடியது. அவர் வீட்டு வாசலில் கிழித்த அட்டைப்பெட்டி கிடந்தது. உள்ளே, முழங்காலில் படத்தை நிறுத்திவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாடா. நேர்லயே வந்துட்டியா? நல்ல மரியாதைதான்."

"அண்ணே, அது தப்பா வந்திருச்சு. குடுங்க, நான்..."

அதற்குள் அவர் கைப்பேசி அடித்தது. மகள், வீடியோ அழைப்பு. எடுத்துப் பார்த்துவிட்டு என் கையில் திணித்தார். "பிடி. என் பக்கம் காட்டு."

படத்தை மார்போடு தூக்கிப் பிடித்தார். அகலமான உள்ளங்கை அடிவரியின்மேல் படிந்தது.

"அப்பா! நல்லாருக்கா? கைய எடுங்கப்பா, முழுசா பாக்கணும்."

"எடுத்தா விழுந்துரும்மா. எழுபது வயசு ஆளு, தாங்கிப் பிடிக்கணும் லா."

அவள் சிரித்தாள். போனின் சிறிய திரையில் அவர் முகம் இரண்டாக இருந்தது, ஒன்று பேசியது, மற்றது பேசவில்லை. போன் ஆடுகிறது என்று அவள் சொன்னாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அழைப்பு முடிந்ததும் கையை எடுத்தார். வியர்வை அந்த வரியின்மேல் ஈரமாக நின்றது.

"ஏன்டா, தேதி தெரியாம விட்டியா? இல்ல, தெரிஞ்சும் சொல்லலையா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. "வேற அனுப்புறேண்ணே. இதக் குடுத்துருங்க."

"வேற அனுப்பு. மக வந்தா அத மாட்டிக்கலாம். இது இருக்கட்டும்."

"வேணாண்ணே."

"என் மூஞ்சிதானே? ஒன் மூஞ்சியா?"

படத்தைச் சுவரோரம் சாய்த்துவைத்தார். பின்னால் வரும் வண்டியைக் கண்ணாடியில் பார்ப்பவர்போல், தலையைத் திருப்பாமல், ஓரக்கண்ணால் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தார். எனக்கு டீ போட எழுந்து போனார். நான் அந்தப் படத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தேன். வெளியே கடல் காற்று. மாலையில் திறக்கக் காத்திருக்கும் மீன் கடைகளின் தகரம் படபடத்தது. அந்த இடத்தில் ஒரு தேதியைப் போட்டுப் பார்த்தது என் மனம். பிறகு இன்னொன்று. நிறுத்த முடியவில்லை. டீயைக் குடிக்காமலே கிளம்பினேன்.

புதிய படத்தை எங்கள் வீட்டுக்கு வரவழைத்து, நானும் மனைவியும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே அவருக்கு அனுப்பினேன். அன்று மதியமே கிள்ளான்காரருக்கு அவளைப் போன் போடச் சொன்னேன். "முகமில்லாத சாமானா விப்போம்" என்றேன். தலையாட்டினாள்.

ஒரு வாரம் கழித்து உம்பாயிலிருந்து அழைப்பு.

"டேய், இங்க என் கூட்டாளி ஒருத்தன். அந்தப் படத்தப் பாத்துட்டு அவனுக்கும் வேணுங்கறான். அதே மாதிரி. அந்த வரியோட."

"நான் அத நிறுத்திட்டேண்ணே. இப்ப தட்டு, கரண்டிதான்."

விளையாட்டில்லாத குரலில் கேட்டார்: "அப்ப எனக்கு யாரு தேதி போடுவா?"

"நான் போடறேண்ணே" என்றேன்.

வாயிலிருந்து போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. "சரி. அது போதும்" என்று அவர் வைத்துவிட்டார். மனைவி எதிரே உட்கார்ந்து எவர்சில்வர் தட்டுகளின் படங்களை ஒவ்வொன்றாகக் கடையில் ஏற்றிக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்டாள். ஆர்டர் என்றேன்.