சாலையைப் பார்த்து அடித்த பம்பை

போன செவ்வாய்க்கிழமை காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் என் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. காஞ்சிபுரத்தில் நான் வேலை செய்யும் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் மஞ்சள் நீராட்டு பேனரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒரே மேஜையில்தான் தயாராகும். காலையில் முதலில் வரும் போட்டோ பெரும்பாலும் போஸ்டருக்காகத்தான் இருக்கும். யாரோ என்று திறந்தேன். பம்பை வாத்தியார் துலுக்காணம் அவர்கள். தலையில் உருமால், இடுப்பில் பம்பை, பக்கத்தில் நிற்பவரின் கை பாதி வெட்டுப்பட்டிருந்தது. கூடவே அவருடைய மகன் சேகரின் குரல் பதிவு.

"அக்கா, அப்பா விடிகாலைல தவறிட்டாரு. பத்து போஸ்டர் போதும்க்கா. நல்ல போட்டோவே இல்ல. எல்லாத்துலயும் அடிச்சிக்கினே இருக்காரு."

தெரிந்தவர், தெரியாதவர் என்று எத்தனையோ பேருக்கு அந்தக் கறுப்புக் கட்டத்தைப் போட்டிருக்கிறேன். அன்று அவர் பெயரை அடிக்க விரல் எழவில்லை. மேஜையிலேயே தலை கவிழ்ந்து அழுதேன். அவருக்காக மட்டும் அழுதேன் என்றால் அது பொய். என் தங்கை தேவகி காணாமல் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அவள் இருக்கிறாளா, இல்லையா? இல்லை என்ற பதில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்துவிடாமல் இத்தனை நாள் வாசலில் நின்று தடுத்தவர் அவர்தான்.

வாத்தியாரை அறியாதவர்களுக்கு அவர் தொழிலைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணம், காதுகுத்து என்று எது வந்தாலும் அதற்கு முன் அந்த வீட்டில் இறந்துபோன பெண்களை அழைத்தாக வேண்டும். பூவாடைக்காரியை அழைப்பது என்போம். நீர்க்கரைக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, புதுப்புடவை வைத்து, பம்பைக்காரர் அடித்துப் பாடுவார். வீட்டுப் பெண்களில் யார் மீதாவது போனவள் இறங்குவாள். அவள் கேட்டதைக் கொடுத்து, செம்போடு வீட்டுக்கு அழைத்து வந்து, புடவையும் சோறும் படைத்த பிறகுதான் மற்ற வேலை. தெருக் கிணறுகளையெல்லாம் மூடிவிட்டதால் இப்போது தண்ணீர்த்தொட்டிக் குழாயடியும் நீர்க்கரைதான். வருகிறவர்கள் யாரும் குறை சொன்னதில்லை.

பம்பை அடிப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். வாத்தியார் போல யாரும் இல்லை என்று நான் சொன்னால் செத்தவர்களைப் புகழ்வது வழக்கந்தானே என்பீர்கள். ஆனால் அவர் வேலை செய்யும் விதம் வேறு. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பே முசரவாக்கத்திலிருந்து மொபெட்டில் வந்துவிடுவார். அந்த வீட்டுத் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனவளைப் பற்றி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்பார். என்ன பிடிக்கும், யாரோடு சண்டை, எதற்காக அழுதாள், எந்தப் பண்டிகைக்குக் கேட்ட புடவை கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாது. எதையும் குறித்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கு நீர்க்கரையில் அத்தனையும் பாட்டாக வரும். வீட்டார் மூடி மறைத்ததும் அதில் கலந்து வரும்.

என் கல்யாணத்துக்கு என் அப்பாவின் தங்கையை அழைத்தார்கள். பிரசவத்தில் போனவர். அப்போது தேவகிக்குப் பதினைந்து வயது. பம்பை ஏற ஏற, பாவாடை தாவணியோடு நின்றிருந்தவள் திடீரென்று தலைமுடியை அவிழ்த்துப் போட்டு ஆடத் தொடங்கினாள். "இன்னா வேணும்மா, கேளு," என்றார் வாத்தியார். "பன்னீர் சோடா," என்றாள். அத்தைக்குச் சோடா என்றால் உயிராம். அப்பா அழுதுகொண்டே கடைக்கு ஓடினார்.

பிறகு நான் அவளைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "நெசமாவே வந்துச்சாடி, சோடாவுக்காக ஆடுனியா?"

"தெர்லக்கா. அவரு அடிச்ச அடில யாரு சோடா கேட்டாங்கன்னே எனக்குத் தெர்ல," என்று சிரித்தாள்.

அவள் சிரித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

வாத்தியாருக்குக் கோபமும் உண்டு. செவிலிமேட்டில் புது வீடு கட்டிய ஒரு குடும்பத்துக்கு வீடியோகாரருக்காகப் பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுச் சின்னப் பையன் கைக்கடிகாரத்தைக் காட்டினான். வாத்தியார் பம்பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டார். "அது எங்கிருந்தோ நடந்து வரணும்பா. ஓலா புக் பண்ணிக்கினா வருது?" அந்த வீட்டில் ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைசியில் வீடியோகாரரும் அழுதார்.

இன்னொன்றையும் எழுதாவிட்டால் இந்த அஞ்சலி பொய்யாகிவிடும். எங்கள் தெருவில் அவர் அழைக்காத வீடு குறைவு. எங்கள் செத்தவர்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் எங்கள் பந்தியில் எங்களோடு சமமாக அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் உட்காரச் சொன்னதில்லை. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தேவகிக்கு வரன் அமையவில்லை. வந்தவர்கள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். இருபத்தெட்டு வயதில் ஒருநாள், தையற்கடையில் கொடுத்த ரவிக்கையை வாங்கிவருகிறேன் என்று போனாள். வரவில்லை. போலீஸ், ஜோசியர், திருப்பதி, சென்னையில் ஒவ்வொரு ஆஸ்பத்திரி என்று அலைந்தோம். காணவில்லை என்று அவள் போஸ்டரையும் நான்தான் அடித்தேன். தையற்காரர் ஒன்று மட்டும் சொன்னார், ரவிக்கையை வாங்கிக்கொண்டு போனாள் என்று. சாகப்போகிறவள் ரவிக்கை வாங்குவாளா? பதினோரு வருஷமாக நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்.

மூன்று வருஷம் கழித்து என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. வழக்கம்போல் வாத்தியார் வந்து உட்கார்ந்தார். அம்மா எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்.

"இந்த வாட்டி தேவகிய கூப்புடு துலுக்காணம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பொணத்த யார் பாத்தீங்கமா?"

யாரும் பார்க்கவில்லை.

"அப்ப கூப்புட மாட்டேன்."

அம்மா கத்தினாள். எனக்கு இன்றும் காதில் ஒலிக்கிறது. "செத்துட்டேன்னு சொன்னாலும் பரவால்லபா. அவ வாயால சொல்லட்டும். எனக்கு அவ கொரலக் கேக்கணும்." ஒரு தாய் தன் மகள் செத்துப்போயிருக்கட்டும் என்று ஆசைப்பட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். உயிரோடு இருந்து பேசாமலிருப்பவளைவிடச் செத்தாவது வந்து பேசுகிறவள் மேல் என்ற இடத்துக்கு அவள் வந்துவிட்டிருந்தாள்.

அப்போதுதான் வாத்தியார் தென்னேரி விஷயத்தைச் சொன்னார். அதுவரை யாரிடமும் அவர் சொன்னதில்லையாம். அவர் இளவயதில் அங்கே ஒரு வீட்டில் மருமகள் காணாமல் போயிருக்கிறாள். ஏரிக்கரையில் அவள் செருப்பு கிடந்திருக்கிறது. வீட்டார் அழைக்கச் சொன்னார்கள், இவரும் அழைத்தார். நாத்தனார் மீது அருள் வந்து, ஏரியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறது. புடவை படைத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த மருமகள் பெங்களூரிலிருந்து பையோடு வந்து வாசலில் நின்றாள்.

"யாரும் கிட்ட போவலமா. பொடவ வச்சிப் படைச்சாச்சு, செத்தவளாயிட்டா. சோத்த வெளியில வச்சாங்க. அவ பெத்த புள்ளயே கதவுக்குப் பின்னால ஒளிஞ்சிக்குது. ஒரு ராத்திரிகூட தங்கல, போயிட்டா. நாலு ஊரு போயி தேடுனேன், ஆம்புடல. ஏரி முழுங்கல அவள. நான்தான் அடிச்சி அனுப்பிட்டேன்." வாத்தியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாள பின்ன உன் பொண்ணு வந்தா வாசல் தொறந்திருக்கணும். அத மூடறதுக்கு என்னக் கூப்புடாத."

அம்மா அவரைச் சபித்தாள். நன்றியில்லாதவன் என்றாள். நானும் அம்மா பக்கம்தான் நின்றேன்; வேறு பம்பைக்காரரைப் பார்க்கலாம் என்று அவர் காதுபடவே சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. அத்தையை மட்டும் அழைப்பதென்று முடிவானது.

அன்று குழாயடியில் அத்தைக்காகப் பாடும்போது அம்மா ஒவ்வொரு பெண் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவள் மீதாவது, தவறியாவது, தேவகி வந்துவிட மாட்டாளா என்று. அத்தை வந்தாள், சோடா கேட்டாள், அடங்கினாள். எல்லாரும் செம்பைத் தூக்கப் போன நேரத்தில் வாத்தியார் தண்ணீருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பஸ் போகும் சாலையைப் பார்த்து நின்றுகொண்டு மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அப்படி யாரும் அடித்து நாங்கள் கண்டதில்லை. கூட வந்த உடுக்கைக்காரரே திகைத்து நின்றார்.

"எந்த ஊருல இருக்கறியோ, சாப்ட்டியாடி அம்மா. தம்பிக்குக் கல்யாணம், தலையில பூ இருக்குதாடி அம்மா. வாசல்ல வெளக்கிருக்குது, வழி தெரியுமாடி அம்மா."

செத்தவர்களை அழைக்கும் பம்பையில் உயிரோடிருப்பவளுக்கு அவர் கட்டிய பாட்டு அது. அருள் இறக்கும் அடி அதில் இல்லை. அந்த அடி வராமல் கவனமாக, மெல்லத் தட்டினார். சாலையில் ஒரு டவுன் பஸ் நின்று போயிற்று. அம்மா அந்த பஸ்ஸில் இறங்கியவர்களையெல்லாம் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குப் பிறகு தம்பி பிள்ளைகளின் காதுகுத்து, வீட்டுக்குப் புது வாசற்கால் வைத்தது என எதுவானாலும் தண்ணீரைப் பார்த்து ஒரு முறையும் சாலையைப் பார்த்து ஒரு முறையும் அடித்தார். ஒவ்வொரு தடவையும் அம்மா முதலில் சண்டை போடுவாள், தேவகியைக் கூப்பிடு என்று. அவர் மாட்டேன் என்பார்.

மூன்று வாரம் முன்பு அவரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். நுரையீரலில் நீர். பேச்சு விட்டுவிட்டு வந்தது. வருகிற மாதம் என் மகளுக்குக் கல்யாணம். வந்து அடிக்கிறேன் என்று எழுந்து உட்காரப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நோயாளியிடம் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

"நெசத்தச் சொல்லுங்க வாத்தியாரே. எத்தினி பேரக் கூப்ட்டிருக்கீங்க. உங்களுக்குத் தெரியும். அவ இருக்கறாளா, இல்லியா?"

தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"தெரியாதுமா. தென்னேரி ஒரு காரணம். இன்னொண்ணும் இருக்குது. கூப்ட்டா வந்துடுவாளோன்னு பயம்." மூச்சு வாங்கினார். "சோடா குடிச்ச புள்ளைய நான் எப்படிமா அந்தப் பக்கத்துலேருந்து கூப்புடுவேன்."

அதுவரை இந்த உலகத்தில் தேவகிக்காகப் பயப்படுவது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் அம்மாவும் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். முழங்கால் வலியோடு ஆட்டோவில் முசரவாக்கம் வந்தாள். வாசலில் பந்தலுக்குக் கீழே வாத்தியாரைக் கிடத்தியிருந்தார்கள். சுற்று ஊர்ப் பம்பைக்காரர்கள் எல்லாரும் வந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அருகில் போனதும் சேகர் கை காட்டினார், அடி நின்றது. அம்மா மாரடித்து அழுவாள் என்று எல்லாரும் நினைத்தோம். அவள் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, முகத்தருகே குனிந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"துலுக்காணம். அங்க போயி நல்லாப் பாருபா. ஒரு எடம் விடாத. என் பொண்ணு இருந்தா, பேத்தி கல்யாணத்துக்கு இட்டுக்கினு வந்துடு." நிறுத்தினாள். "இல்லன்னா நீ மட்டும் வா. நீ மட்டும் வாபா."

எட்டு வருஷமாகக் கூப்பிடு, கூப்பிடு என்று அவரோடு மல்லுக்கு நின்றவள், அந்தக் கடைசி வார்த்தையை அவர் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுக் கெஞ்சிக்கொண்டே இருந்தாள். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்துதான் அவளைத் தூக்க முடிந்தது.

நேற்று சேகர் கடைக்கு வந்திருந்தார். கல்யாணத்துக்கு அவர்தான் அடிக்கப்போகிறார். யார் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டார். அத்தை பெயரைச் சொன்னேன். துலுக்காணம் வாத்தியார் என்றேன். "அப்பா உங்க வூட்டு ஆளு இல்லியேக்கா," என்றார். தெருவிலும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்கட்டும். பந்தியில் முதல் இலை அவருக்கென்று சொல்லிவிட்டேன்.

வாத்தியாரே, போய் வாருங்கள். எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும். யார் மீது வேண்டுமானாலும் இறங்குங்கள், எதை வேண்டுமானாலும் கேளுங்கள், கொடுக்கிறோம். நானும் என் அம்மாவும் நீர்க்கரையில் உங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்போம். உங்கள் பின்னால் யாரும் வரக்கூடாது. தனியாக வாருங்கள்.