கேக் அடுப்பில் ஒரு மோட்டார்

நான் அந்தத் தேவாலயத்துக்குப் போனது சோற்றுக்காகத்தான். புயல்காற்று அடித்து வெள்ளம் வந்த மறுநாள் காலை, பினாங்கு ஜார்ஜ் டவுனில் நான் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குக் கூரை இல்லை. இரண்டு சட்டைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். தேவாலய மண்டபத்தில் சாப்பாடு கொடுக்கிறார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அங்கே யாரும் எந்தச் சாமி என்று கேட்கவில்லை. தொண்டர்களை நடத்திய அண்ணன் பத்து காவான் என்ற ஊரில் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்.

"சாப்பிட்டியா தம்பி? அப்ப இந்த பூட்ஸை மாட்டிக்க. என்னென்ன வேலை தெரியும்?"

நான் படித்தது படிவம் இரண்டு, அதாவது எட்டாம் வகுப்பு வரை. லோரியில் மூட்டை தூக்கியிருக்கிறேன். ஜுருவில் கார் கழுவியிருக்கிறேன், அதே ஊரில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் பட்டறையில் ஏழு மாதம் இருந்திருக்கிறேன். எங்கும் ஒரு வருடம் தாங்கியதில்லை. கார் கழுவியதை மட்டும் சொன்னேன். பெட்ரோலில் ஓடி வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாயைக் கையில் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் சுங்கை பினாங் ஆற்றோரம் ஒரு வீடு. அங்கிருந்த அக்கா தோசை மாவு அரைத்துப் பக்கத்து அடுக்குமாடிகளுக்கு விற்பவர். வீட்டு வருமானமே அதுதான். தண்ணீர் ஏறியபோது கட்டிலையும் அலமாரியையும் விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து பெரிய கிரைண்டரை மேசைமேல் தூக்கி வைத்திருக்கிறார். சுவரில் சேற்றுக்கோடு மேசைப் பலகைக்கு ஒரு விரல் கீழே நின்றிருந்தது.

அக்கா மண்டபத்துக்குத் துணி அலசப் போயிருந்த நேரம் நான் வீட்டைக் கழுவினேன். தரை, சுவர், கதவு. கிரைண்டர்மேல் ஓட்டிலிருந்து ஒழுகிய அழுக்கு இருந்தது. கார் சக்கரத்துக்கு அடிப்பதுபோல மேலும் கீழும் சுற்றியும் அடித்தேன். கல் பளபளவென்று ஆனது. நின்று ரசித்தேன் என்றே சொல்ல வேண்டும்.

மறுநாள் மத்தியானம் கரண்ட் வந்தது. அக்கா விடியற்காலையிலேயே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டிருந்தார்.

"இன்னிக்கு அரைச்சிரணும் தம்பி. இன்னும் நாலு நாள் விட்டா எல்லாரும் சூப்பர்மார்க்கெட் பாக்கெட் மாவுக்குப் பழகிருவாங்க. அப்புறம் யாரு என் வாசலுக்கு வரப் போறா?"

சொல்லிக்கொண்டே பிளக்கைச் சொருகினார். கிரைண்டருக்கு அடியில் மேசைமேல் சொட்டுச் சொட்டாக ஈரம் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். நேற்று நான் அடித்த தண்ணீர் மோட்டாருக்குள் போயிருக்கிறது. ஈரத்தோடு ஓடினால் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி கருகிவிடும். ஏழு மாதத்தில் வேறு எதைக் கற்றேனோ இல்லையோ, இதைக் கற்றிருந்தேன்.

வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். பழி வெள்ளத்தின்மேல் போயிருக்கும். ஒரு நொடி அதையும் நினைத்தேன்.

"அக்கா, சுவிட்ச் போடாதீங்க! உள்ள தண்ணி இருக்கு."

"தண்ணி அதுவரைக்கும் ஏறலையே. நான்தானே தூக்கி வெச்சேன்."

"வெள்ளம் ஏறல. நான்தான் குழாயால அடிச்சேன்."

அக்கா பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வெள்ளம் விட்டுட்டுப் போனதை நீ தேடி வந்து முடிச்சியா?"

"நாளைக்கு ஓட வெச்சிடறேன்" என்று மட்டும் சொன்னேன். ஓடுமா என்று எனக்கே தெரியாது. அக்காவும் நம்பினதாகத் தெரியவில்லை. ஊறின அரிசியைப் பக்கத்து வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைக்கப் போய்விட்டார்.

மோட்டாரைக் கழற்றிப் பிரித்தேன். உள்ளே தண்ணீரோடு கூரை அழுக்கும் போயிருந்தது. பட்டறையில் செய்வதுபோல நல்ல தண்ணீரில் மெதுவாக அலசினேன். அடுத்து அதைச் சூடான பெட்டியில் மணிக்கணக்காகக் காய வைக்க வேண்டும். அப்படி ஒரு பெட்டி மண்டபச் சமையலறையில்தான் இருந்தது: கேக் சுடும் பெரிய ஓவன் அடுப்பு. கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்ததால் அதில் பழக் கேக் வெந்துகொண்டிருந்தது. அதற்குப் பொறுப்பான ஆண்ட்டியிடம் மறுநாள் காலை மோட்டாரைத் தட்டில் வைத்து நீட்டினேன்.

"என்னது இது?"

"மோட்டார் ஆண்ட்டி. சின்னச் சூட்டுல சாயங்காலம் வரைக்கும் வெக்கணும்."

"என் கேக் எல்லாம் எண்ணெய் நாத்தம் அடிக்கும் லா! வேற இடம் பாரு."

யாருடைய மோட்டார், எப்படி நனைந்தது என்று சொன்னேன். ஆண்ட்டி வெந்த கேக்கை வெளியே எடுத்து, வேகாத மாவுத் தட்டுகளைக் குளிர்பெட்டிக்குள் தள்ளினார்.

"அவ மாவு காத்திருக்க முடியாது, என் மாவு காத்திருக்கும். எத்தனை டிகிரி?"

"நூறைத் தாண்டக் கூடாது. கதவைக் கொஞ்சம் திறந்து வெக்கணும்."

"கேக்கைவிட இதுக்குப் பொறுமை ஜாஸ்தி போல" என்று சொல்லி, கடிகாரத்தைத் திருகி வைத்தார். அதற்குப் பிறகு என்னைவிட அவர்தான் அதிக தடவை எட்டிப் பார்த்தார். ஒருமுறை, "குச்சி விட்டுப் பாக்கவா? வெந்திருச்சா தெரியும்" என்று கேட்டார். நான் சிரிக்கும் நிலையில் இல்லை.

சாயங்காலம் சூப்பர்வைசர் அண்ணன் மீட்டர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். "ஈரம் காட்டல தம்பி" என்றார். அக்கா வீட்டுக்குப் போய் மாட்டினோம். ஆண்ட்டியும் ஏப்ரனோடு வந்துவிட்டார்.

"நீயே போடு" என்றார் அக்கா. போட்டேன். மோட்டார் உறுமியது, கல் அசையவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். பெல்ட் தளர்ந்து வழுக்கியது. உடனே அணைத்துவிட்டு, பெல்ட்டை இழுத்து முடுக்கி மறுபடி போட்டேன். கல் சுற்றியது. அக்கா புதிதாக ஊறப்போட்ட உளுந்தை ஒரு கை அள்ளிப் போட்டார். சத்தம் மாறியது. இன்னொரு கை போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மண்டபத்தில் எல்லோருக்கும் தோசை. மாவு அக்காவுடையது. அந்த வருடத்துப் பழக் கேக்கில் லேசாக மோட்டார் கம்பியின் வார்னிஷ் வாடை இருந்தது. ஆண்ட்டி மறுத்தார், சாப்பிட்டவர்கள் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

தொண்டர் குழுவில் நான் இன்னும் இருக்கிறேன். குழாயும் இன்னும் என்னிடம்தான். குழாயோடு அக்கா வீட்டுப் பக்கம் போனால் மட்டும், என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கிரைண்டர்மேல் தார்ப்பாய் விழும்.