காற்றுக்கு ஒரு அஞ்சல்பெட்டி

தால்காவே என்ற கடலோர ஊரில் மழை ஓய்வதில்லை. கொஞ்சம் தள்ளி நின்று பெய்யும், அவ்வளவுதான். அதைப் பார்த்தபடிதான் எதெல்மீரா நாவெல்கின் என்ற பெண் அந்த ஊர்ச் சிப்பி வளர்ப்போர் சங்கத்தின் கணினிகளைக் கவனித்துவந்தாள்.

அந்த வருஷம் குப்பை மின்னஞ்சல் கரைபுரண்டு வந்தது. போலிக் கடிகாரம், மாத்திரை, என்னென்னவோ. அனுப்பியவர் முகவரிகளில் பாதிக்கு மேல் பொய். கடைசியில் எதெல்மீரா தன் சர்வருக்கு ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்தாள். அஞ்சல் வந்ததும் அதை வாசலில் நிறுத்திவிட்டு, அனுப்பியவரின் சர்வரிடம் போய், இந்த முகவரி உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கும். இல்லை என்றால் அஞ்சலைத் திருப்பிவிடும்.

பெட்டிகள் அமைதியாயின. தூரத்து ஊர்களில் தன் சர்வர் மெல்லக் கதவைத் தட்டுவதையும், உள்ளிருந்து யாரோ ‘இருக்கிறேன்’ என்பதையும் நினைத்துக்கொண்டே அவள் மாத்தே தேநீரை உறிஞ்சுவாள்.

ஒரு காலை ஓர்த்தென்சியா சேற்றுக் காலணியோடு உள்ளே வந்தாள். அவள் புருஷனுக்கு வளைகுடாவில் சிப்பிப் பண்ணை.

“ஏன்டி, காத்தை எங்க ஒளிச்சு வச்சிருக்க? வெளித்தீவுலேருந்து தினம் காலையில காத்து நிலவரம் வருமே, அது வரவே காணோம். எம் புருஷன் வானத்தை மோந்து பாத்துட்டுப் படகை எடுக்குறாரு. நேத்து அலையில மாட்டி, கயிறெல்லாம் அறுந்து வந்து நிக்கிறாரு!”

எதெல்மீரா சர்வரின் பதிவேட்டைத் திறந்தாள். தேடிப் பார்த்தாள். தீவின் வானிலைக் கருவி ‘காற்று’ என்ற முகவரியிலிருந்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் பெட்டி எதுவும் இல்லை. அனுப்ப மட்டும் வைத்த முகவரி அது. அதற்குப் பதில் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. அதனால் தினமும் அவளுடைய சர்வரே அதைத் திருப்பியிருக்கிறது.

அந்த முகவரியை மட்டும் கேள்வி கேட்காமல் விடும்படி உடனே மாற்றினாள். பிறகு தீவில் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பெலார்மீனோவைத் தொலைபேசியில் பிடித்தாள்.

“பெலார்மீனோ ஐயா, உங்க காத்து என் வாசல்வரைக்கும் வந்து திரும்பியிருக்கு. மன்னிச்சுக்குங்க.”

“அதானே பாத்தேன், என்னடா ஒருத்தரும் திட்டக்கூட மாட்டேங்கிறாங்களேன்னு.”

“அந்தப் பேர்ல ஒரு பெட்டி திறந்துடுங்க. நாளைக்கு வேற சர்வரும் இதையே கேக்கும்.”

“காத்துக்கு யாருங்க எழுதப்போறா?”

“யாரும் எழுத வேணாம். பெட்டி இருந்தாப் போதும்.”

பெட்டி திறந்தது. முதலில் எழுதியவள் ஓர்த்தென்சியாதான்: ‘நீங்க சொன்ன மாதிரியே வீசிச்சு. எம் புருஷன் கரையிலயே உக்காந்து உருளைக்கிழங்கு மில்காவோ அப்பம் தின்னுக்கிட்டிருக்காரு.’ பிறகு ஒவ்வொருவராக எழுதினார்கள். பெலார்மீனோ காற்றின் வேகத்துக்குக் கீழே தானும் ஒரு வரி சேர்க்கத் தொடங்கினார்: திமிங்கலங்கள் போயின, மூடுபனி வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறது.

எதெல்மீரா வெகுநாள் எழுதவில்லை. தகரக் கூரையில் மழை கொட்டிய ஒரு மத்தியானம், ‘அங்கே இப்போது என்ன சத்தம்?’ என்று கேட்டாள்.

‘கடல்சிங்கங்கள் சண்டை போடுகின்றன. நடுவில் உங்கள் கேள்வி வந்து நிற்கிறது.’

அன்று முழுவதும் அவள் காதில் கடல் இரைந்தது.

கோடையில் அலை அடங்கியதும் தீவுக்குப் போகும் சரக்குப் படகில் ஏறினாள். துறையில் ஓர்த்தென்சியா கத்தினாள்: “தலையை நல்லாக் கட்டிக்கடி! கலைஞ்சா அந்த மனுஷன்தான் பொறுப்பு!”

தீவில், தொலைபேசியில் கேட்ட குரலைவிடக் குள்ளமான ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று படகுக் கயிற்றைப் பிடித்தார். எதெல்மீரா அவர் கையைப் பிடித்து இறங்கினாள்.

அடுத்து வந்த மாரிக்காலத்தில் சங்கத்தின் சர்வரை எதெல்மீரா தீவிலிருந்தே பார்த்துக்கொண்டாள்.