எங்கள் வீட்டுத் தீர்மானத் தாள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடத்தில் நூல் சுற்றப் போனபோது எனக்கு ஒன்பது வயது. முப்பத்தைந்து வயதில் அதே தெருவில் என் சொந்தத் தறிகள் எட்டு ஓடின. யாரும் கைதூக்கிவிடவில்லை. மோட்டார் கழற்றி மாட்ட நானே கற்றுக்கொண்டேன். வேதப்புத்தகம் வாசிக்க நானே எழுத்துக் கூட்டிப் பழகினேன். பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியதும் அந்தப் பெருமையால்தான். எண்பதுகளின் நடுவில், மகள் ஐந்தாவது முடிக்கிற சமயம், அவள் ரேங்க் கார்டில் எழுதியிருந்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்கப் போயிருந்தேன். “படிச்ச ஆள் யாரையாவது கூட்டிட்டு வாங்க, விளக்கிச் சொல்லுதேன்” என்றார் தலைமையாசிரியர். பெஞ்சில் நாலைந்து பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சிரித்தார். அந்த வாரமே மகளுக்கும் அவள் தம்பி இளையவனுக்கும் டி.சி. வாங்கிவிட்டேன். சபையில், பிள்ளைகளைக் கர்த்தருக்குப் பயந்த பிள்ளைகளாக வீட்டிலேயே வைத்து வளர்க்கப் போகிறோம் என்று சொன்னேன். அதுவும் பொய்யில்லை. எது முதல் காரணம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

என் மனைவி எட்டாவது பாஸ். காலையில் அவள்தான் பாடம் நடத்துவாள். நான் செய்தது திட்டம் போடுவது. ஜனவரி ஒன்றாம் தேதி வருஷப்பிறப்பு ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்கி வந்ததும், பழைய காலண்டர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் அந்த வருஷத் தீர்மானங்களை எழுதுவேன். உடம்புக்கு ஒன்று, அறிவுக்கு ஒன்று, ஆத்துமாவுக்கு ஒன்று. மகன் ஐந்தரை மணிக்கு எழுந்திருக்க வேண்டும், பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும். மனைவி குரலை உயர்த்தாமல் பேச வேண்டும். எனக்கு, ஒரே வருஷத்தில் வேதப்புத்தகம் முழுவதும். பதினொரு மாதத்தில் முடித்தேன். எங்கள் சபையில் டிகிரி படித்தவர்கள்கூட அதை முடித்ததில்லை.

தறியில் ஒரு ஷிப்டுக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கு. மீட்டர் வந்துவிட்டால் ஆள் வேலை செய்திருக்கிறான் என்று அர்த்தம். பாடத்துக்கும் அப்படியே வைத்தேன். ஒரு நாளைக்கு இத்தனை பக்கம். சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். பாய் விரித்து முழங்காலில் நின்று, இளையவனில் தொடங்கி வரிசையாக ஜெபிப்போம். அன்றைக்குச் செய்யவேண்டியதை முடித்தோமா இல்லையா என்று ஜெபத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆண்டவர் முன்னால் பொய் வராது. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. இந்த இரண்டும் நான் வைத்த சட்டங்கள்.

மகள் எட்டாவதைத் தனித்தேர்வராக எழுதித் தேறினாள். தறிக்கூடத்தில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தேன். பள்ளிக்கூடம் இல்லாமலே பாஸ் என்று, கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேட்காதவர்களுக்கும் சொன்னேன். அடுத்தது பத்தாவது. அவளுக்கு நர்ஸ் படிப்பு படிக்க ஆசை, பத்தாவது இல்லாமல் அது நடக்காது என்று மனைவி சொல்லியிருந்தாள். மகளுடைய தாளில் ‘பத்தாவது தேர்ச்சி’ என்று எழுதினேன். கணக்குப் புத்தகம், நாளுக்கு இரண்டு பக்கம்.

ஒரு நாள் தவறவில்லை. “இன்னைக்குக் கணக்கு ரெண்டு பக்கம் முடிச்சேன், ஸ்தோத்திரம்” என்று தினமும் அவள் குரல் கேட்கும். பொங்கலுக்கு முன்னாலேயே புத்தகம் முடிந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர்வு. நானே கூட்டிக்கொண்டு போய், முடியும்வரை வெளியில் நின்று கூட்டி வந்தேன். மற்றப் பாடங்களில் எல்லாம் தேறினாள். கணக்கில் பத்தொன்பது.

கேள்வித்தாள் கஷ்டம் என்று எல்லோரிடமும் சொன்னேன். நாளுக்கு மூன்று பக்கமாக்கினேன். புத்தகம் மறுபடியும் முதலிலிருந்து கடைசிவரை முடிந்தது. அக்டோபரில் எழுதினாள். இருபத்தொன்று. என்னோடு சின்ன வயதிலிருந்து தறியில் நின்ற ஒருவர் அப்போது என்னிடமே வேலை பார்த்தார். அவர் பாவு நூலை முடிந்துகொண்டே, “என்ன மொதலாளி, ஒங்க வீட்டுப் பள்ளிக்கூடத்துல ஹெட்மாஸ்டர மாத்திட்டியளா?” என்று கேட்டார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது.

வருஷம் பிறந்தது. மகள் தாளில் நாளுக்கு நான்கு பக்கம் என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். அவள் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் ஜெபத்தில் இளையவன் முடித்தான். அடுத்தது மகள். சாதாரணக் குரலில், ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னாள்.

“ஆண்டவரே, எனக்குக் கணக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது என்னைய அனுப்பும். ஆமென்.”

கண்ணைத் திறக்கவில்லை நான். குறுக்கே பேசக்கூடாது என்பது என் சட்டம். மனைவி தன் முறைக்கு ஒன்றும் ஜெபிக்காமல் ஆமென் மட்டும் சொன்னாள். நானும் ஆமென் சொன்னேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கரண்ட் போய் எட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றால் காது அடைத்துக்கொள்ளுமே, அப்படி இருந்தது. பாயை நானே சுருட்டி வைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தேன். சோறு போட்டுக்கொண்டே மனைவி சொன்னாள்.

“ஒம்பதாங் கிளாஸ் கணக்குலருந்தே எனக்கு வெளங்கலங்க. புத்தகத்துக் கடைசில உள்ள விடையப் பாத்து அவ எழுதுவா, நான் பாத்து டிக் போடுவேன். முடிச்சேன்னு அவ சொன்னதுல பொய் இல்ல.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எத்தன பக்கம்னுதான கேட்டிய.”

ரசம் ஊற்றச் சொன்னேன்.

மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினேன். தேரடிக்குப் பக்கத்தில் ரிட்டயரான கணக்கு டீச்சர் ஒருவர் வீட்டில் டியூஷன் எடுப்பதாக எங்கள் போதகர் எப்போதோ சொல்லியிருந்தார். அவர் சொன்னபோது, எங்கள் வீட்டில் அதெல்லாம் தேவையில்லை என்று நான் பெரிதாகப் பேசியிருந்தேன். அந்த அம்மா மகளிடம் எதுவரைக்கும் தெரியும் என்று கேட்டார்.

“பின்னம் வரைக்கும் நல்லாத் தெரியும் டீச்சர், எட்டாவது வரைக்கும் ஒரு மாதிரி சமாளிச்சேன். அதுக்குப் பொறவு பாத்து எழுதுனதுதான்.”

“வீட்ல யாரு சொல்லிக் குடுத்தா?” என்று என்னைப் பார்த்தார்.

நாங்கள்தான் என்றேன். மூன்றாம் வகுப்பு என்று நானே சொல்லிவிட்டேன். என் வாழ்க்கையில் அதை எத்தனையோ இடத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஒரு தகவலாகத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்க வேண்டும், நாளாகும், அவசரப்பட்டு மார்ச்சில் எழுத வைக்காதீர்கள் என்றார். சரி என்றேன்.

அந்த மார்ச்சில் அவள் எழுதவில்லை. தனியாக பஸ்ஸில் போய் வந்தாள். சில நாள் ஒரே ஒரு கணக்குத்தான் போட்டாள் என்று மனைவி சொல்வாள். ஒரு கணக்கா என்று வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன். ஜெபத்தில் அவள் முறை வரும்போது மனதுக்குள்ளேயே ஜெபித்து, ஆமென் மட்டும் வெளியில் சொன்னாள். சத்தமாக ஜெபி என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்பது அதற்குப் பிறகு எனக்குத் தெரியாமல் போயிற்று.

அக்டோபரில் எழுதினாள். நாற்பத்திரண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்க் ஷீட்டை வாங்கிக்கொண்டு திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். சந்தோஷமா என்று கேட்டேன். ம் என்றாள். எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நாற்பத்திரண்டு என்பதை மனதுக்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன். ராஜபாளையம் நெருங்கும்போது திரும்பாமலே சொன்னாள்.

“அப்பா, இனிமே என்னோட தீர்மானத்த நானே எழுதிக்கிடுதேன்.”

எழுதிக்கோம்மா என்றேன்.

அந்த வருஷப்பிறப்புக்கு மூன்று தாள்தான் சுவரில் ஒட்டினேன். அவள் எழுதியதை மடித்துத் தன் வேதப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள். அந்தப் புத்தகம் ஜெப அறை அலமாரியில் என் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே பகல் முழுவதும் இருக்கும். வீட்டில் ஆளில்லாத நேரம் எத்தனையோ வந்தது. ஒரு தரம் கையில்கூட எடுத்துவிட்டேன். பிரிக்கவில்லை. ஜூன் மாதம் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்துப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்தத் தாளில் நர்ஸ் என்று எழுதியிருந்தாளா, வேறு என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது.