குருமூர்த்தியின் நாற்பது சதவீதம்

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குருமூர்த்தி சூப்பர்வைசர். தப்பு கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதாவது, அடுத்தவர் தப்பை. ஷிஃப்டில் யாருக்காவது அடிபட்டால், மருந்துப் பெட்டி வருவதற்கு முன்னால் அவர் வந்து நிற்பார். "இதுல உன் பங்கு எவ்ளோ?" என்று கேட்டுவிட்டுத்தான் காயத்தையே பார்ப்பார். பிரஸ் மெஷினில் மாடசாமியின் விரல் நசுங்கிய அன்றும் அதேதான். மெஷினின் தடுப்புத் தகடு கழன்று பல நாளாகத் தொங்கிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும், குருமூர்த்தி உட்பட. "தகடு இல்லன்னு தெரிஞ்சும் கைய வுட்டது யாரு? பாதி உன் தப்புதான்" என்று அங்கேயே தீர்ப்பு சொன்னார். ரத்தம் சொட்டும் விரலோடு மாடசாமி "சரிங்க சார்" என்று தலையாட்டினான். வேறென்ன செய்வான் பாவம்.

அப்பேர்ப்பட்ட நியாயஸ்தர்தான் ஒன்வேயான ஜூஜுவாடி சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் போனார்.

உடனே அவரைக் குற்றவாளியாக்கிவிட வேண்டாம். அங்கே அது ஊர் வழக்கம். முறையாகப் போனால் பாலத்தைச் சுற்றி, வரிசைகட்டி நிற்கும் லாரிகளுக்குள் புகுந்து வர வேண்டும். அதற்கெல்லாம் யாருக்குப் பொறுமை இருக்கிறது? பட்டப்பகலில் ஹெட்லைட்டை ஹைபீமில் போட்டு, ஹாரன்மேல் வைத்த கட்டைவிரலை எடுக்காமல் போனால் அது ராங் சைடு ஆகாது என்பது அந்த ஊர் மக்கள் தங்களுக்குத் தாங்களே இயற்றிக்கொண்ட சட்டம். பால்காரர் முதல் பள்ளிக்கூட வேன் வரை அதை மீறியவர் கிடையாது.

அன்று பைக்கில் பின்னால் அவர் மனைவி ரேவதி இருந்தாள். கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவள்.

"பாலத்த சுத்தியே போலாங்க" என்றாள்.

"ஹைபீம் போட்டிருக்கேன்ல, பேசாம உக்காரு."

சந்துக்குள்ளிருந்து ஒரு டெம்போ பாய்ந்து வந்தது. டிரைவருக்கு ஒரு கை ஸ்டியரிங்கில், இன்னொரு கை செல்போனில். அடித்துத் தள்ளிவிட்டுக் கீழே இறங்கியவன், கண் தெரியவில்லையா என்று கன்னடத்தில் கத்தினான். குருமூர்த்தி கீழே கிடந்தபடியே தெலுங்கில் திருப்பித் திட்டினார். ரேவதி தமிழில் அழுதாள்.

அவருக்குக் கால் முறிந்தது. பிளேட் வைத்தார்கள், கூடிவிட்டது. ரேவதியின் வலது தோள் மட்டும் கூடவேயில்லை. கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. தையல் வேலை போயிற்று. தலை பின்னிக்கொள்ளப் பக்கத்து வீட்டு மங்கம்மாவைக் கூப்பிட வேண்டியிருந்தது.

இழப்பீடு கேட்டு இருவரும் கேஸ் போட்டார்கள். குருமூர்த்திக்குப் பணம்கூடப் பெரிதில்லை. தப்பு முழுக்க டெம்போக்காரனுடையது என்று கோர்ட் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தன் பங்கென்று ஒன்று இருந்தால் ரேவதியின் கையும் அதில் சேர்ந்து வரும் என்பது, ஊருக்கெல்லாம் பங்கு பிரித்தவருக்குத் தெரியாதா? தெரியும். நினைக்கவே பயமாக இருந்தது.

வக்கீல் சௌமியா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க சார். நீங்களா எதையும் எடுத்துக் குடுக்காதீங்க."

கூண்டில் ஏறினார். டெம்போவின் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "நீங்க கவனமில்லாம ஓட்டுனதாலதான் விபத்துன்னு சொல்றேன்" என்றார். எல்லாக் கேஸிலும் கேட்கிற கேள்விதான். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் தினமும் பாதுகாப்பு மீட்டிங் நடத்துகிறவரைப் பார்த்துக் கவனமில்லை என்பதா? குருமூர்த்திக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானா கவனமில்லாம? பட்டப்பகல்ல ஹைபீம் போட்டுக்கினு, ஹாரன் மேல வெச்ச கைய எடுக்காம வந்தேன் சார்!"

வக்கீலுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. "பட்டப்பகல்ல எதுக்குங்க ஹைபீம்?"

"எதிர்ல வர்றவனுக்கு நாம வர்றது தெரிய வேணாமா?"

"ஒன்வேயில எதிர்ல யாருங்க வருவாங்க?"

சௌமியா நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு வந்தது. தப்பில் டெம்போவுக்கு அறுபது சதவீதம், குருமூர்த்திக்கு நாற்பது. அவருடைய இழப்பீட்டில் அந்த நாற்பதை வெட்டிவிட்டார்கள். ரேவதிக்கு வெட்டு எதுவும் இல்லை.

"இவங்க வண்டிய ஓட்டலியே" என்று சௌமியா கோர்ட் வாசலில் விளக்கினாள். "ரெண்டு பேர் பண்ண தப்புல நடுவுல இவங்க அடிபட்டிருக்காங்க. அதனால இவங்களுக்கு மொத்தமும் டெம்போவோட இன்சூரன்ஸ்லயே வாங்கிக்கலாம்."

"ரெண்டு பேருன்னா யாரும்மா?" என்று ரேவதி கேட்டாள். தெரியாமல் கேட்கவில்லை. குருமூர்த்தி பைக் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினார். சாவி அவர் கையில்தான் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அதே சர்வீஸ் ரோட்டு முனை வந்தது. வண்டி வேகம் குறைந்தது. யோசித்துச் செய்தாரா, பழக்கமா, அந்தக் கட்டைவிரலைத்தான் கேட்க வேண்டும். அது ஹைபீமைத் தட்டியது.

ரேவதி இறங்கிவிட்டாள்.

"நான் பாலத்த சுத்தி நடந்தே வர்றேன். நீங்க லைட்டப் போட்டுக்கினு போங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நாலு பேர் பார்க்கிற இடம். குருமூர்த்தி எஞ்சினை அணைத்துவிட்டு, பிளேட் வைத்த காலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே போனார். பாலத்தடிக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தது.

"தப்பு என்னுதுதான், ரேவதி."

"நாப்பதுதானே? கோர்ட்டே சொல்லிடுச்சே."

"அது டெம்போக்காரன்கூட போட்ட கணக்கு. உன் கைக்கு நான்தான். மொத்தமும் நான்தான்."

ரேவதி நின்றாள். விபத்து நடந்த நாளிலிருந்து அவள் காத்திருந்தது இந்த ஒரு பேச்சுக்குத்தான்.

"சரி, வண்டிய எடுங்க. சுத்தியே போலாம்."

ஏறி உட்கார்ந்தாள். முன்பெல்லாம் உட்கார்ந்ததும் வலது கையால் அவர் தோளைப் பிடித்துக்கொள்வாள். குருமூர்த்தி கொஞ்ச நேரம் வண்டியை எடுக்காமல் இருந்தார். அந்தக் கை அவள் மடியிலேயே கிடந்தது.