கீழே வா, பேசலாம்

இது பட்டப்பகலில் நடந்தது. இருட்டைப் பார்த்துப் பயந்து உளறுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன டிசம்பர், புயல் மழை பிடித்த இரண்டாம் நாள். மதியம் மூன்று மணி. எனக்குக் காய்ச்சல் இல்லை. தூக்கக் கலக்கமும் இல்லை.

திருவொற்றியூரில் எங்கள் வீடு. மேலே நான். கீழே தெருவைப் பார்த்த அறையில் என் கணவர் ரெஜி. சாத்தாங்காட்டு இரும்புக் கடைக்காரர்களுக்கு ஷெட், கேட் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவர் தொழில். நான் புத்தகங்களுக்குத் தமிழ் டைப் செய்கிறேன். அவருக்கு வேண்டிய கடிதங்களையும் நானே அடித்துக் கொடுப்பேன். ஒவ்வொரு முறையும் பென் டிரைவோடு படி இறங்க அலுப்பாக இருந்தது. அதனால் அவருடைய டெஸ்க்டாப்பில் ‘பொது’ என்று ஒரு ஃபோல்டர் போட்டு, வீட்டு வைஃபை வழியாக என் லேப்டாப்பிலும் அது திறக்கும்படி செய்தேன். நான் மேலே ஒரு ஃபைல் போட்டால் கீழே தெரியும். அவர் போட்டால் மேலே தெரியும்.

அதே வருடம் ஜனவரியிலேயே எங்கள் பேச்சு நின்றிருந்தது. நாகர்கோவிலில் என் அப்பாவுக்கு முடியவில்லை என்று காலையில் என் தம்பி ஜெபசிங் ரெஜிக்குப் போன் செய்திருக்கிறான். என் போன் அன்று முழுக்க அணைந்து கிடந்தது. ரெஜி வேலை மும்முரத்தில் இருந்துவிட்டு, இரவுதான் என்னிடம் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே சாப்பிட்டுக்கொண்டார். கீழேயே படுத்துக்கொண்டார். கடிதங்களையும் வேறு இடத்தில் அடித்துக்கொண்டார். எங்களுக்குள் மிஞ்சியது ‘பொது’ மட்டும்தான். ‘கேஸ் தீர்ந்தது’ என்று ஒரு சின்ன ஃபைல் போடுவேன். ‘சரி’ என்று பதில் ஃபைல் வரும்.

அவர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். அக்டோபர் கடைசியில் அது மாறியது. சுத்தமான தமிழ் எழுத்து. ஒரு பிழை கிடையாது. எனக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்... அன்று கொஞ்சம் அழுதேன்.

பிறகு நிறைய எழுதினேன். மத்தியான நேரத்தில் வீடு எப்படி இருக்கிறது என்று எழுதினேன். யாரோடும் பேசாமல் என் குரலே எனக்கு மறந்துவிட்டது என்று எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. ‘தெரியும்’ என்று வரும். ‘சாப்பிட்டாயா’ என்று வரும். பதினோரு மாதத்தில் அந்த ஆறு வாரம்தான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்தப் புயல் நாளில் மழை கூரையை உடைப்பதுபோல் பெய்தது. 3:02க்கு எழுதினேன்: ‘தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது.’

3:10க்குப் பதில் வந்தது.

‘கீழே வா. பேசலாம்.’

முகம் கழுவினேன். தலை வாரினேன். படியில் இறங்கினேன். மொத்தம் ஒன்பது படிகள். நான்காவது படியில் இருந்தபோது கையிலிருந்த போன் அடித்தது.

ரெஜி.

எடுத்தேன். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

“சுஜா, கட் பண்ணிடாத. மத்தியானமே சடையங்குப்பம் வந்தேன். தண்ணி ஏறிடுச்சு. லாரி மேல நிக்கிறேன். நீ மேலயே இரு.”

“கீழ் ரூம்ல யாருங்க?”

“யாரும் இல்ல. பூட்டிட்டு வந்தேன். மழைன்னு பிளக்கெல்லாம் புடுங்கிட்டேன்.”

லைன் போய்விட்டது.

குனிந்து பார்த்தேன். கீழ் அறைக் கதவில் பூட்டு தொங்கியது.

கதவுக்கு அடியில் நீல வெளிச்சம்.

உள்ளே கீபோர்டு சத்தம். டக்... டக் டக்... டக்.

நின்றது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. கர்ர்ர்... யாரோ எழுந்திருக்கும் சத்தம்.

மேலே ஓடினேன். தாழ்ப்பாள் போட்டேன். லேப்டாப் திறந்தே இருந்தது.

3:19. புது ஃபைல்.

‘ஏன் நின்றுவிட்டாய்?’

3:24. கரன்ட் போனது. மின்விசிறி நின்றது. வைஃபை பெட்டியின் விளக்கு அணைந்தது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடியது. இனி எதுவும் வர முடியாது.

3:26.

‘இன்னும் ஐந்து படிதான்.’

லேப்டாப்பை மூடினேன். மூலையில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அதுதான் தாங்க முடியவில்லை.

இரவு 7:40க்கு ரெஜி வந்தார். இடுப்புவரை சேறு. அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இருவரும் டார்ச்சோடு போய்க் கீழ் அறையைத் திறந்தோம். பிளக் பிடுங்கித்தான் கிடந்தது. மானிட்டர் சில்லென்று இருந்தது.

மறுநாள் கரன்ட் வந்ததும், ரெஜிக்குப் பழக்கமான யாசினைக் கூப்பிட்டோம். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்பவர். என் லேப்டாப்பை அரை மணி நேரம் நோண்டிவிட்டு நிமிர்ந்தார்.

“யக்கா, இந்த ஃபோல்டரு எந்த மிஷின்ல கீதுன்னு காட்டுதோ, அந்தப் பேர்ல ஒரு மிஷினே உங்க வூட்ல இல்லியே.”

ரெஜி மெதுவாகச் சொன்னார். அக்டோபர் பதினேழாம் தேதி டெஸ்க்டாப் படுத்துவிட்டதாம். ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எல்லாவற்றையும் புதிதாக ஏற்றியிருக்கிறார். ‘பொது’ அதோடு போய்விட்டது. மறுபடி எப்படி இணைப்பது என்று என்னிடம் கேட்கத் தயக்கம். எனக்கும் அது வேண்டாம்போல என்று விட்டுவிட்டாராம். அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

என்னவெல்லாம் வந்தது என்று கேட்டார். நினைவிலிருந்த எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பர் மூன்றாம் தேதி வந்ததைச் சொன்னபோது என்னை ஒரு மாதிரி பார்த்தார். ‘சுஜா வந்துகொண்டிருக்கிறாள், கதவைச் சாத்தாதே என்று அப்பா கடைசியாகச் சொன்னார்.’

“எங்கிட்ட யாரும் இப்படிச் சொல்லல, சுஜா.”

நாகர்கோவிலுக்குப் போன் போட்டு, அப்பா அப்படிச் சொன்னாரா என்று ஜெபசிங்கிடம் கேட்டேன். அவன் திருப்பிக் கேட்டான்.

“ரூம்ல நான் மட்டும்தான் இருந்தேன். நீ மனசு ஒடிஞ்சிருவேன்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல. ஒனக்கு யாருக்கா சொன்னா?”